ஸ்பேசரின் தடிமனுக்கு முன்னால் போல்ட்டைப் பாருங்கள்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 2008 மாடல் போர்ஷே கேமன் எஸ் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். அதன் 18 அங்குலச் சக்கரங்கள் மட்கார்டுக்குள் ஒடுங்கி நிற்பது உங்கள் கண்ணை உறுத்துகிறது. பின்னால் 15 மி.மீ., முன்னால் 7 மி.மீ. ஸ்பேசர் (சக்கரம் மாட்டப்படும் சுழல் பாகமான ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளும் உலோக வட்டு) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். ஓடும்போது சக்கரமே கழன்றுவிடும் என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். பேரிங் போய்விடும் என்கிறார் மூன்றாமவர். கூடவே, "கோயம்புத்தூரில் லேத்தில் கடைந்து வாங்கினால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். எத்தனை மி.மீ. போடலாம் என்று எழுதியிருந்தாலும், உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: அழகுக்காகச் செய்யும் இந்த வேலையில் காரின் பாதுகாப்பு எந்த இடத்தில் குறைகிறது, அது குறையாமல் செய்ய வழி இருக்கிறதா.

வழி இருக்கிறது. நான் கோவையில் இருபது வருடங்களுக்கு மேலாகச் சக்கரம், சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலை பார்க்கிறவன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகத் தயார் செய்த கார்களிலும் கை வைத்திருக்கிறேன். நானே ஸ்பேசர் போட்டுக் கொடுத்த கார்கள் உண்டு, வேறு இடத்தில் போட்டுக்கொண்டு ஆட்டம் கண்டு என்னிடம் வந்த கார்களும் உண்டு. அப்படி வந்தவற்றில் ஸ்பேசர் உடைந்து வந்ததாக ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. கெட்டிருந்தது ஒன்று போல்ட், இல்லாவிட்டால் போல்ட் தலை உட்காரும் குழி, அதுவும் இல்லாவிட்டால் ஹப்பும் ஸ்பேசரும் ஒன்றோடொன்று படியும் முகங்களுக்கு நடுவே துடைக்காமல் விட்ட துரு. அதனால்தான் தடிமனைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே போல்ட்டைப் பற்றிப் பேசச் சொல்கிறேன்.

ஆனாலும் நீங்கள் கேட்டது தடிமன், அதை முதலில் முடித்துவிடலாம். உங்கள் ரிம்மின் பின்பக்கத்தில் ஆரக்கால் ஒன்றில் '8J x 18 ET57' என்பதுபோல எழுத்து வார்த்திருக்கும். ஈ.டி. என்பது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு போட்டால், ஹப்பில் படியும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லும் எண். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். உங்கள் மாடலின் 18 அங்குலச் செட்டில் முன்னால் 8 அங்குல அகலம், ஈ.டி. 57, டயர் 235/40. பின்னால் 9 அங்குலம், ஈ.டி. 43, டயர் 265/40. பின்னால் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 43 என்பது 28 ஆகிவிடும். முன்னால் 7 வைத்தால் 57 என்பது 50. கணக்கு அவ்வளவுதான். ஆனால் முந்தைய சொந்தக்காரர் வேறு ரிம் மாற்றியிருக்கலாம். அதே காருக்கு வந்த 19 அங்குலச் செட்டில் பின் ரிம் 9.5 அங்குலம், ஈ.டி. 46. அகலமும் ஆஃப்செட்டும் இரண்டுமே மாறிவிடுகின்றன. ஆகவே இன்னொருவர் கேமனில் 15 நன்றாக நிற்கிறது என்பதை வைத்து உங்களுக்கு வாங்காதீர்கள். ரிம்மைக் கழற்றிப் பின்பக்க எழுத்தைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் அளவெடுக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இருந்தால் போதும், ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டினாலும் சரிதான். சமதளத்தில் காரை நிறுத்தி, நீங்கள் வழக்கமாக எவ்வளவு பெட்ரோல் வைத்து ஓட்டுவீர்களோ அவ்வளவு வைத்து, மட்கார்டு வளைவின் உச்சியில் டேப்பால் நூலை ஒட்டித் தொங்கவிடுங்கள். நூல் சக்கரத்தின் அச்சுக்கு நேராக விழ வேண்டும். டயரின் மேல்பாதியில் வெளியே உப்பி இருக்கும் இடத்திலிருந்து நூல் வரைக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் இடதும் வலதும் இரண்டு மூன்று மி.மீ. வித்தியாசப்படுவது சகஜம். குறைவாக வந்த பக்கத்தின் அளவிலிருந்து குறைந்தது ஐந்து மி.மீ. கழித்துக்கொண்டு, மிச்சத்துக்குள் அடங்கும் ஸ்பேசரைத் தேர்ந்தெடுப்பது என் வழக்கம். டயர் மட்கார்டுக்குச் சமமாக, ஒரு மி.மீ. கூட உள்ளே இல்லாமல் நிற்பது படத்தில் அழகாக இருக்கும். நம் ஊர்ச் சாலையில் இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது டயரின் தோள் மட்கார்டின் உள்விளிம்பைக் கடிக்கும். அந்த விளிம்பில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டி, மெதுவாக ஓட்டி, ஒரு மேடு பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பாருங்கள். முன் சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும். களிமண் நசுங்கியிருந்தால் அந்தத் தடிமன் உங்கள் காருக்கு ஆகாது.

இனி பலரும் கவனிக்காத ஓர் இடம். ஹப்பின் நடுவில் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு இருக்கும், லிப் என்போம். ரிம்மின் நடு ஓட்டை அதில்தான் பொருந்திச் சக்கரத்தை மையத்தில் நிறுத்துகிறது. போர்ஷேயில் அந்த ஓட்டை 71.6 மி.மீ., ஐந்து போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம் 130 மி.மீ. நீங்கள் வாங்கும் ஸ்பேசரின் உள் ஓட்டையும் 71.6, அதன் வெளிப்பக்கத்தில் ரிம்முக்காக நீட்டியிருக்கும் லிப்பும் 71.6 ஆக இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹப்பின் லிப் பத்து மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஹப்பின் லிப்பில் மீதி ஐந்து மி.மீ. வெளியே தெரியும், ரிம் அதில் உட்காரும். 15 மி.மீ. போட்டால் ஹப்பின் லிப் ஸ்பேசருக்குள்ளேயே அடங்கிவிடும், ஸ்பேசர் தன் சொந்த லிப்பால் ரிம்மைத் தாங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 8, 10 மி.மீ. போன்ற அளவுகளில் ஹப்பின் லிப்பும் எட்டாது, ஸ்பேசருக்குத் தனி லிப் வைக்கவும் சதை இருக்காது. ரிம் வெறும் போல்ட்டை நம்பி மையத்துக்கு வர வேண்டியிருக்கும். உங்கள் ஹப்பின் லிப் உயரத்தை வெர்னியரின் ஆழம் பார்க்கும் கம்பியால் அளந்து, ரிம் ஓட்டையின் வாயில் சரித்துக் கடைந்திருக்கும் அளவையும் அதில் கழித்துவிட்டுப் பாருங்கள். 7 மி.மீ. உங்கள் முன் ஹப்பில் ஆகுமா என்பதை இந்த அளவுதான் சொல்லும். பிடி இரண்டு மி.மீ.க்குக் கீழே வந்தால் நான் 5-க்கு இறங்கிவிடுவேன். போர்ஷேயின் இன்னொரு மாடலான 911-இல் இதே தலைமுறைக்கு 5 மி.மீ. ஸ்பேசரையும் அதற்கேற்ற நீளமான போல்ட்டையும் கம்பெனி தானே விற்றது. அதனால் ஸ்பேசர் என்றாலே கம்பெனி ஒத்துக்கொள்ளாத வேலை என்ற பேச்சு சரியில்லை.

சரி, போல்ட்டுக்கு வருவோம். சக்கரத்தை ஹப்பில் நிறுத்துவது எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் ஐந்து போல்ட்டும் சக்கரத்தின் எடையைத் தாங்குவதாக நினைக்கிறார்கள். போல்ட்டின் வேலை வேறு. ரிம்மின் முகத்தை ஹப்பின் முகத்தோடு நெரித்துப் பிடிப்பதுதான் அது. அந்த நெரிப்பில் வரும் உராய்வுதான் சக்கரத்தை நகரவிடாமல் வைத்திருக்கிறது. உங்கள் காரின் போல்ட் 14 மி.மீ. தடிமன், மரையின் இடைவெளி 1.5 மி.மீ., இறுக்க அளவு 130 நியூட்டன் மீட்டர். உலர்ந்த மரைக்கு வழக்கமாக எடுக்கும் உராய்வை வைத்துக் கணக்குப் போட்டாலே ஒரு போல்ட் நாலரை டன்னுக்கு மேல் இழுத்துப் பிடிக்கிறது. ஐந்தும் சேர்ந்தால் 23 டன்னை ஒட்டி வரும். இந்தப் பிடி இருக்கும்வரை நடுவில் தட்டையான, சுத்தமான, கெட்டியான ஓர் உலோக வட்டு இருக்கிறதா இல்லையா என்பது சக்கரத்துக்குத் தெரியாது. பிடி தளர்ந்தால் சக்கரம் நுண்ணிய அளவில் நழுவத் தொடங்கும், போல்ட் முன்னும் பின்னும் வளையும், பிறகு கழலும் அல்லது முறியும். சக்கரம் கழன்றுவிடும் என்று உங்களைப் பயமுறுத்தியவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்குக் காரணம் இந்தப் பிடி தளர்வது. பிடி ஏன் தளர்கிறது என்பது தெரிந்தால் அதைத் தடுக்கலாம்.

முதல் காரணம் நீளம். ஸ்பேசர் எத்தனை மி.மீ.யோ, போல்ட்டும் சரியாக அத்தனை மி.மீ. நீளமாக வேண்டும். 7 மி.மீ. ஸ்பேசர் வைத்துப் பழைய போல்ட்டையே போட்டால் மரையில் கிட்டத்தட்ட நாலரைச் சுற்று பிடி போய்விடும். ஆனால் கைக்கு அது நன்றாக இறுகுவதுபோலத்தான் தெரியும். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி: ஸ்பேசர் போடுவதற்கு முன்னால் ஒரிஜினல் போல்ட்டை விரலாலேயே திருகி, அது உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பேசரும் நீள போல்ட்டும் போட்ட பிறகு அதே எண்ணிக்கை வர வேண்டும், ஒரு சுற்று முன்பின் இருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் போல்ட்டின் விட்டத்தின் அளவுக்காவது, அதாவது 14 மி.மீ. ஆழம், ஒன்பது சுற்றுக்கு மேல், மரை பிடித்திருக்க வேண்டும். நீளம் அதிகமானாலும் ஆபத்துதான். உங்கள் காரில் பின் பிரேக் டிஸ்க்கின் நடுவில் தொப்பி போல உள்ள பகுதிக்குள்ளேதான் ஹேண்ட் பிரேக்கின் டிரம்மும் ஷூவும் இருக்கின்றன. தேவைக்கு மேல் நீண்ட போல்ட் ஹப்பைத் தாண்டிப் பின்னால் நீட்டிக்கொண்டு அந்தப் பாகங்களை உரசும். போல்ட்டை இறுக்கியதும் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். சிறு உரசல் கேட்டால்கூட அப்படியே ஓட்டாதீர்கள்.

இரண்டாவது, போல்ட் தலை உட்காரும் வடிவம். போர்ஷே ரிம்மில் குழி உருண்டையாக, பந்தின் ஒரு பகுதி போல இருக்கும். போல்ட்டிலும் தலைக்குக் கீழே தனியாகச் சுழலும் உருண்டை முகமுள்ள ஒரு வளையம் இருக்கும். கடையில் எளிதாகக் கிடைக்கும் நீள போல்ட்டுகளில் பல கூம்பு முகம் கொண்டவை. மரை ஒன்றாக இருப்பதால் அவை அழகாக ஏறிவிடும். ஆனால் உருண்டைக் குழியில் கூம்பு உட்கார்ந்தால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். கொஞ்ச நாளில் அலுமினியம் அந்தக் கோட்டில் நசுங்கி, போல்ட் தானாகத் தளர்ந்துவிடும். சந்தேகம் இருந்தால் போல்ட்டின் முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசி, மிதமாக இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை அகலமான பட்டையாக அழிந்திருந்தால் பொருத்தம் சரி. தலைமுடி போல ஒரு வட்டக்கோடு மட்டும் தெரிந்தால் அந்த போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தலையில் 10.9 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். எந்த எண்ணும் இல்லாத போல்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

மூன்றாவதாக நான் சொல்லப்போவது என் பட்டறைக்கு வந்த ஒரு காரில் கண்டது. முன்னால் 7 மி.மீ. ஸ்பேசர் போட்ட கார். வளைவில் 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார் சொந்தக்காரர். இரண்டு இடத்தில் பேரிங் என்று சொல்லியிருக்கிறார்கள். கழற்றும்போது நாலு போல்ட் சரியான நீளம். ஐந்தாவது, திருட்டுப் போகாமல் இருக்கப் போடும் லாக் போல்ட், பழைய நீளத்திலேயே இருந்தது. லாக் போல்ட்டுக்குத் தனிச் சாவி வேண்டும், நீளமானதைத் தனியாகத் தேடி வாங்க வேண்டும். போட்டவர் அதை விட்டுவிட்டார். நாலு சக்கரத்தில் முன்னால் இருந்த இரண்டிலும் அதே கதை. அந்த ஓட்டையின் மரையில் முதல் சில சுற்றுகள் வெள்ளி போலத் தேய்ந்து, சின்னச் சின்ன இரும்புத்துகள் விரலில் ஒட்டியது. ஒரு ஹப்பை மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் ஸ்பேசர் செட் வாங்கும்போது இருபது நீள போல்ட் வருகிறதா, லாக் போல்ட்டும் அதில் சேர்த்தியா என்று எண்ணிப் பாருங்கள். சேர்த்தி இல்லை என்றால் சாதாரண நீள போல்ட்டையே ஐந்தாவதாகப் போடுங்கள். பழைய லாக் போல்ட்டைக் கலக்கவே கூடாது.

லேத்தில் கடைவதைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் ஊர் லேத்காரர்களின் கைத்திறனில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நூறில் இரண்டு மி.மீ. சுத்தத்தில் கடைந்து கொடுக்கிறவர்களைத் தெரியும். பிரச்சினை அவர்கள் கையில் எடுக்கும் துண்டில் இருக்கிறது. பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த உருளை, எந்தக் கலவை, வார்த்ததா, அடித்ததா என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நல்ல ஸ்பேசர்கள் 6061 டி6 அல்லது 7075 டி6 தர அலுமினியத்தில் செய்யப்படுபவை. வார்ப்பு அலுமினியம் நெரிப்பில் மெல்ல அமுங்கும். அமுங்கினால் மேலே சொன்ன பிடி தளரும். ஒருமுறை 100 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று வந்த காரில், பேலன்சிங் மூன்று தடவை செய்தும் தீரவில்லை. ஸ்பேசரைக் கழற்றி அளந்தால் ஓட்டை 72 மி.மீ.யைத் தாண்டியிருந்தது. ஹப்பில் வைத்து ஆட்டினாலே லொடலொடத்தது. பொருளுக்குச் சான்றிதழும், கடைந்த பிறகு இரண்டு முகங்களும் இணையாக இருப்பதை டயல் கேஜில் காட்டும் வசதியும் உள்ள இடம் என்றால் பரவாயில்லை. இல்லாவிட்டால் ஜெர்மனியின் எச் அண்ட் ஆர், ஐபாக் போன்றவர்களின் செட்டை வாங்கிவிடுங்கள். அந்த நாட்டில் ஸ்பேசர் போட்டுச் சாலையில் ஓட்ட வேண்டும் என்றால் அந்த வண்டிக்கு அது பொருந்தும் என்ற சோதனைச் சான்று இருக்க வேண்டும். அதனால் எந்த மாடலுக்கு எத்தனை மி.மீ., எந்த டயர் அளவோடு, என்ன நிபந்தனையில் என்பதெல்லாம் அந்தச் சான்றிலேயே எழுதியிருக்கும். உங்கள் மாடலின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். இரண்டு மெல்லிய ஸ்பேசர்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

பேரிங் போய்விடும் என்ற பேச்சில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம். உங்கள் கார் ஆளோடும் பெட்ரோலோடும் 1,450 கிலோவை ஒட்டி இருக்கும். எஞ்சின் நடுவில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதால் பின் சக்கரம் ஒவ்வொன்றும் சுமார் 400 கிலோ தாங்கும். அதை 15 மி.மீ. வெளியே தள்ளினால் பேரிங்கின் மேல் கூடும் முறுக்கு 400 கிலோ பெருக்கல் 0.015 மீட்டர், அதாவது 6 கிலோகிராம்-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு). இது நேர்ச்சாலையில். அதே சக்கரம் ஒரு வேகமான வளைவில் தன் சுமை அளவுக்கே பக்கவாட்டு விசையைத் தாங்கும்போது, அந்த விசை டயரின் அடியிலிருந்து அச்சு வரைக்கும் உள்ள சுமார் 32 செ.மீ. நெம்புகோலில் வேலை செய்கிறது. 400 பெருக்கல் 0.32 போட்டால் அதே அளவில் 128. ஆக, பேரிங்கைப் பெரிதும் வருத்துவது நீங்கள் ஓட்டும் விதமும் சாலைக் குழிகளும்தான், 15 மி.மீ. ஸ்பேசர் அதற்கு அடுத்தபடிதான். சுமை கூடுகிறது என்பது உறுதி, ஆயுள் கொஞ்சம் குறையும் என்பதும் உறுதி. எத்தனை ஆயிரம் கி.மீ. குறையும் என்று யாராவது எண் சொன்னால் நம்பாதீர்கள், அது சாலையையும் டயரையும் பொறுத்தது. பழைய கார் என்பதால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஸ்பேசர் போடுவதற்கு முன்பே சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, சுற்றிவிட்டு ஹப்பில் கை வைத்துக் கரகரப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே சாகும் நிலையில் உள்ள பேரிங்கின் மேல் ஸ்பேசர் போட்டுவிட்டுப் பழியை ஸ்பேசர் மேல் போடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டும்போது என்ன மாறும் என்பதில் உறுதியாகச் சொல்லக்கூடியது முன் சக்கரத்தைப் பற்றித்தான். ஸ்டீயரிங் திரும்பும் அச்சைக் கீழே தரை வரைக்கும் நீட்டினால் அது தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரம் ஸ்பேசரின் தடிமன் அளவுக்கு மாறுகிறது. அது மாறினால் தார்ச்சாலையின் வரப்புகளை ஸ்டீயரிங் பின்தொடர ஆரம்பிக்கும், ஒரு சக்கரம் மட்டும் மணலில் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கைக்கு இழுப்பு தெரியும். 5 மி.மீ.யில் பெரும்பாலானவர்களுக்கு இது தெரிவதில்லை. 15-இல் நிச்சயம் தெரியும். அதனால்தான் முன்னால் குறைவாக வைக்கச் சொல்கிறேன். அகலம் கூடியதால் வளைவில் கார் இன்னும் நன்றாகப் பிடித்து ஓடும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. பின்னால் இரண்டு பக்கமும் 15 என்றால் 30 மி.மீ. கூடுகிறது. ஒன்றரை மீட்டர் அகலத்தில் அது இரண்டு சதவீதம்தான். ஒருபக்கம் எடை சாய்வது அந்த அளவு குறையும், மறுபக்கம் சஸ்பென்ஷன் மேல் நெம்புகோல் கொஞ்சம் நீள்வதால் ஸ்பிரிங் சற்று மென்மையானதுபோல ஆகும். இரண்டும் ஒன்றை ஒன்று எவ்வளவு கழித்துக்கொள்ளும் என்பதை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பின்னால் மட்டும் போட்டு முன்னால் விட்டுவிட்டால் வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளும் குணம் கூடுவதாகத்தான் என் அனுபவம். இந்தக் கார் கம்பெனியிலிருந்தே அந்தக் குணத்தோடு வருவது, அதனால் முன்னாலும் சிறிது போடுவது நல்லது.

போடும் வேலையில் அவசரம் கூடாது. சக்கரத்தைக் கழற்றியதும் ஹப்பின் முகத்தையும் டிஸ்க்கின் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, லிப்பின் அடியில் வளையமாகப் படிந்திருக்கும் துருவை எமரி பேப்பரால் எடுங்கள். டிஸ்க்கைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூவின் தலை முகத்தைவிட மேலே நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். ஸ்பேசரை வெறுமனே வைத்து, கட்டைவிரலால் எதிரெதிர் ஓரங்களை மாற்றி மாற்றி அழுத்துங்கள். மயிரிழை ஆடினாலும் அடியில் ஏதோ இருக்கிறது, எடுத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். லிப்பில் மட்டும் மெல்லிய பூச்சாக ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவலாம். சென்னையின் கடற்காற்றில் இரும்பு ஹப்பும் அலுமினிய ஸ்பேசரும் ஒட்டிக்கொண்டு பிறகு சுத்தியலுக்கும் அசையாமல் போவதை அது தடுக்கும். முகத்தில் பேஸ்ட், பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. போல்ட் விஷயத்தில் போர்ஷேக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. மரையிலும், தலைக்கும் சுழலும் வளையத்துக்கும் நடுவிலும் அலுமினியப் பேஸ்ட் தடவச் சொல்கிறது. வளையம் ரிம்மில் படும் உருண்டை முகத்தில் தடவக் கூடாது. மற்ற பல கார்களில் மரை உலர்ந்தே இருக்க வேண்டும், அதனால் இதை எல்லா வண்டிக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போல்ட் ஓட்டை ஒன்றில் கைடு பின் திருகி வைத்துக்கொண்டால் ஸ்பேசரும் ரிம்மும் நழுவாமல் ஏறும். ஐந்தையும் முதலில் கையால் திருகி, நட்சத்திர வரிசையில் 50 நியூட்டன் மீட்டருக்கு ஒருமுறை, கார் தரையில் நின்ற பிறகு 130-க்கு ஒருமுறை, இறுக்க அளவை வைத்து இறுக்கும் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பின்னால் வந்த 991 வகை 911-க்கு 160 என்பதால் அந்த எண்ணை உங்கள் காருக்கு யாராவது சொல்லலாம், உங்களுடையதற்கு 130 தான்.

ஐம்பது முதல் நூறு கி.மீ. ஓடியதும், சக்கரம் ஆறிய பிறகு, அதே 130-இல் வைத்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். ரென்ச் அசையாமல் 'கிளிக்' என்றால் சரி. ஒன்றிரண்டு போல்ட் கொஞ்சம் நகர்ந்தால் இன்னொரு நூறு கி.மீ.க்குப் பிறகு மறுபடி பாருங்கள். இரண்டாவது தடவையும் நகர்ந்தால் இறுக்கிவிட்டுப் போகாதீர்கள், சக்கரத்தைக் கழற்றி முகங்களில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். 20 மி.மீ.க்கு மேல் வரும் ஸ்பேசர்களில் ஸ்பேசரைத் தனி போல்ட்டால் ஹப்பில் இறுக்கி, சக்கரத்தை அதன்மேல் வேறு போல்ட்டால் இறுக்கும் வகை உண்டு. அதில் உள் போல்ட்டைச் சோதிக்க ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். உங்களுக்கு அவ்வளவு தடிமன் தேவைப்படாது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும், தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை ஏற்பதில்லை. நான் வக்கீல் இல்லை. டயர் மட்கார்டுக்குள் அடங்கி நிற்கும் மெல்லிய ஸ்பேசரை யாரும் சாலையில் நிறுத்திக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கலாம். போடுவதற்கு முன்பே உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் வைத்து, உங்கள் காராக இருந்தால் நான் என்ன செய்வேன் என்றால்: ஒரிஜினல் 18 அங்குல ரிம்தான், அளவும் இடம் கொடுக்கிறது என்றால் பின்னால் 15, முன்னால் 5. லிப்பின் பிடி போதுமானால் முன்னால் 7 வரை. பின்னால் அளவு இடிக்கிறது என்றால் 12-க்கோ 10-க்கோ இறங்குவதற்கு முன்னால் அந்த இடைப்பட்ட தடிமன் உங்கள் ஹப்பில் மையம் பிடிக்குமா என்று லிப் கணக்கைத் திரும்பப் போடுவேன், பிடிக்காவிட்டால் பின்னாலும் 5-ஓடு நின்றுவிடுவேன். கேமராவை ரிம்மின் பின்பக்கத்தில் வைத்து எடுத்த படம், நாலு மூலையின் நூல் அளவு, முன்னும் பின்னும் லிப் உயரம், இந்த மூன்றையும் இங்கே போட்டால் இன்னும் திட்டமாகச் சொல்வேன்.

கழற்றிய இருபது ஒரிஜினல் போல்ட்டையும் லாக் சாவியையும் ஒரு துணிப்பையில் போட்டு, முன் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் என்றாவது ஸ்பேசரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மாட்ட வேண்டி வந்தால் நீள போல்ட்டைப் போடக் கூடாது, அது உள்ளே போய் ஹேண்ட் பிரேக்கைத் தொடும். பஞ்சர் கடையில் நிறுத்தினால் பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றுவதற்கு ஏர் கன் வைத்துக்கொள்ளட்டும், மாட்டும்போது போல்ட்டை அந்தப் பையனிடமிருந்து வாங்கி முதல் நாலைந்து சுற்று உங்கள் விரலாலேயே திருகுங்கள், கடைசி இறுக்கத்துக்கு உங்கள் டார்க் ரென்ச்சையே எடுங்கள்.